உப்பு வண்டியின் பின்விளக்கு

அவருடைய பெயரை நான் இருபத்தொரு தடவை உரக்கக் கூப்பிட்டிருக்கிறேன். ஏழு வாய்தா, வாய்தாவுக்கு மூன்று தடவை. கோர்ட்டில் டவாலி உத்தியோகம் என்றால் அதுதான். தோளில் குறுக்காகச் சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை, வராந்தாவுக்கு வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு ஆள் பெயரை மூன்று முறை கத்த வேண்டும். கூப்பிட்ட ஆள் வரவில்லை என்றால் உள்ளே போய் "யாரும் இல்லைங்கம்மா" என்று சொல்ல வேண்டும். ஊருக்கே கேட்கும்படி அத்தனை தடவை கூப்பிட்ட பெயரை இங்கே எழுத மட்டும் எனக்குக் கை வரவில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

ஐம்பதை ஒட்டிய வயது. மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு உப்பளத்தில் டிராக்டர் டிரைவர். உப்புத் தண்ணீரில் ஊறிய கால், வெடித்த குதிகால். வெள்ளை வெளேரென்று கிடக்கும் உப்பை நாளெல்லாம் பார்த்து, கண்ணைச் சுருக்கியே வைத்திருப்பார். எதைப் பார்த்தாலும் கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, கண்ணை இடுக்கி, இன்னொரு தடவை பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார்.

என் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர் என்பதால் கோர்ட்டுக்கு வருவதற்கு முன்பே அவரை எனக்குத் தெரியும். அவரைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. டீக்கடையில் அவர் இருக்கிறார் என்றால் வாயாடிகள் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பார்கள். யாராவது ஒரு சேதியை ஆரம்பித்தால் போதும், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீ பாத்தியா?" என்பார். கிண்டலாகக் கேட்கமாட்டார், சண்டைக்கும் கேட்கமாட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். அதுதான் எல்லாருக்கும் எரிச்சல்.

சுனாமி வந்த வாரம், தண்ணீர் கோயிலின் மூன்றாம் படிவரை ஏறிவிட்டது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. பேப்பர் நிருபரிடம்கூட அப்படித்தான் சொன்னார்கள். இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ரெண்டாம் படிதான். மூணாவது படியில கோலம் அப்டியே இருக்குது" என்றார். அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தெரியவில்லை, ஆனால் அதற்காக ஒரு மாசம் அவரோடு பேசாமல் இருந்தவர்கள் உண்டு.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதை இன்னும் வேடிக்கை. பையன் கிளியனூரில் சைக்கிள் கடை வைத்திருந்தான். குடிக்கமாட்டான், சொக்கத்தங்கம் என்று தரகர் சத்தியம் செய்தார். இவர் அளத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் போய், கடைக்கு எதிரே இருந்த புளியமரத்தடியில் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு வந்தார். பெண்டாட்டி ஆசையாக, "என்னா, பையன் எப்டி?" என்று கேட்டாராம்.

"மூணு நாளா குடிக்கலை."

"அப்ப நல்ல பையன்தானே?"

"நாலாவது நாள் நான் பாக்கலை."

அந்த அம்மாள் அன்று சட்டியைத் தூக்கி வாசலில் போட்டதாகக் கேள்வி. கேள்விதான், நான் பார்க்கவில்லை. பாருங்கள், அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கும் இந்த வியாதி தொற்றிக்கொள்கிறது. கல்யாணம் என்னவோ நல்லபடியாக நடந்தது, மாப்பிள்ளையும் தங்கமான மாப்பிள்ளை.

ஆனால் இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். ஒரு வருஷம் அளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் காணாமல் போனது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒருவன் மேல் முதலாளிக்குச் சந்தேகம். வேலையாட்களை வரிசையாக நிறுத்தி, "இவன்தானே?" என்று கேட்டார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். முதலாளி கேட்கும்போது தலை தானாகவே ஆடும். இவர் மட்டும், "நான் பாக்கலைங்க" என்றார். "எல்லாரும் சொல்றாங்களேய்யா" என்றார் முதலாளி. "அவங்க பாத்தாங்களான்னு கேளுங்க" என்றார் இவர். ஒருவரும் பார்த்திருக்கவில்லை. அந்தப் புதியவனுக்கு வேலை போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து முதலாளிக்கு இவரைக் கண்டால் ஆகாது.

இனி கேஸுக்கு வருகிறேன். நடந்தது சுனாமிக்கு அடுத்த வருஷம், உப்பு வாரும் பருவத்தில். பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கிய நேரம், ஈர உப்பு ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஈசிஆர் ரோட்டில் கிடங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். மதகுப் பக்கம் நின்ற போலீஸ் ஏட்டு விசில் அடித்து நிறுத்தி, டிரெய்லரின் பின்விளக்கு எரியவில்லை என்று கேஸ் எழுதிவிட்டார். இது ஒன்றும் பெரிய குற்றமில்லை. கோர்ட்டுக்கு வந்து, ஒத்துக்கொண்டு, அபராதத்தைக் கட்டிவிட்டு, எதிர்க் கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போகிற சமாசாரம்.

சில்லறை கேஸ் நாளில் எங்கள் கோர்ட்டைப் பார்க்க வேண்டும். லைசென்ஸ் இல்லாதவன், மூன்று பேரை ஏற்றியவன், ஆர்.சி. புத்தகத்தை வீட்டில் மறந்தவன் என்று நாற்பது ஐம்பது பேர் வராந்தாவில் நிற்பார்கள். உள்ளே என்ன சொல்ல வேண்டும் என்று ஸ்டேஷனிலிருந்து வந்த போலீஸ்காரரே பாடம் எடுப்பார். "அம்மா கேப்பாங்க. 'ஒத்துக்கறேம்மா'ன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத. சொல்லிட்டுப் போய்க்கினே இரு." அரைமணியில் அத்தனை பேரும் காலி. நானும் அதே வேகத்தில் பெயர்களைக் கத்துவேன்.

அன்றைக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. இவர் பெயரைக் கூப்பிட்டேன். வந்து கூண்டில் ஏறி நின்றார். மாஜிஸ்திரேட் அம்மா புதிதாக வந்தவர், சின்ன வயசு, தலை நிமிராமல் கேட்டார்.

"பின்விளக்கு எரியாம வண்டி ஓட்டியிருக்கீங்க. குத்தத்தை ஒத்துக்கறீங்களா?"

"நான் பாக்கலைங்கம்மா."

அம்மா தலையை நிமிர்த்தினார்.

"எதைப் பாக்கலை?"

"விளக்கைங்கம்மா. நான் முன்னால பாத்து ஓட்டினு இருந்தேன். அது பின்னால இருக்குது. கெளம்பறப்ப போட்டுப் பாத்தேன், எரிஞ்சுது. அதுக்கு மேல எரிஞ்சுதா அணைஞ்சுதான்னு நான் பாக்கலை."

"அப்ப குத்தம் செய்யலைன்னு சொல்றீங்களா?"

"அதையும் நான் எப்டிம்மா சொல்றது?"

கோர்ட்டே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "யோசிச்சுட்டு வாங்க" என்று வாய்தா போட்டார்.

பிறகு கிளார்க் அன்றைய கேஸ் கட்டை என்னிடம் கொடுத்து அடுக்கச் சொன்னார். இவர் கேஸின் தேதியையும் இடத்தையும் சும்மா ஒரு கண் ஓட்டினேன். வியாழக்கிழமை, ஆறே முக்கால் மணி, மதகு. என் சிரிப்பு அங்கே நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலமானால் தெற்கேயிருந்து கடல்காற்று முகத்தில் அறையும், சைக்கிள் நகராது. அப்போது உப்பு வண்டி மெதுவாக ஊர்ந்து வரும். டிரெய்லரின் பின்கதவுச் சங்கிலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டால் மிதிக்காமலேயே வீடு போய்ச் சேரலாம். ஆபத்துதான், சட்டப்படி தப்பும்தான். ஆனாலும் அளத்துக்காரர்களும் பள்ளிக்கூடத்து வாத்தியார்களும்கூடச் செய்வார்கள். நானும் செய்வேன். பஸ்ஸில் வந்து மரக்காணத்தில் இறங்கி, ஸ்டாண்டில் போட்டிருக்கும் சைக்கிளை எடுத்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உப்பு வண்டிக்காகக் காத்திருப்பேன். டவாலிப் பட்டை பையில் மடங்கிக் கிடக்கும்.

அந்த வியாழக்கிழமை இவர் வண்டிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வந்தது நான்தான். விளக்கு என் முகத்துக்கு நேராக இருந்தது. அதன் கண்ணாடிமேல் உப்புத் தண்ணீர் வழிந்து வழிந்து காய்ந்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அதற்குள்ளிருந்து மங்கலாக, சிவப்பாக, எரிந்துகொண்டுதான் இருந்தது. மதகருகே காக்கிச்சட்டையைக் கண்டதும் சங்கிலியை விட்டேன், பின்தங்கினேன், விசில் சத்தம் கேட்டதும் குனிந்த தலை நிமிராமல் ஏட்டையும் டிராக்டரையும் தாண்டி மிதித்துப் போய்விட்டேன்.

ஆக, ஊரில் எல்லாரையும் "நீ பாத்தியா?" என்று கேட்டவருக்கு, ஆமாம் பார்த்தேன் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ரெக்கார்ட் கிளார்க் பதவி உயர்வுக்கான லிஸ்டில் பெயர் போயிருந்தது. கோர்ட்டு டவாலி ஓடுகிற வண்டியில் தொங்கிக்கொண்டு போனான் என்று அந்தக் கூண்டில் ஏறியே சொல்வதா? அதுவும் தினம் முகம் பார்க்கிற போலீஸ்காரருக்கு எதிராக? சில்லறை கேஸ்தானே, இன்றில்லாவிட்டால் நாளைக்கு ஒத்துக்கொண்டு போய்விடுவார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வாய்தாவிலும் அதே பதில்தான். சட்டத்தில் இரண்டு பதிலுக்குத்தான் இடம் என்பதால், குற்றத்தை மறுப்பதாக அம்மா எழுதிக்கொண்டார். "நான் மறுக்கவும் இல்லைங்களேம்மா" என்றார் இவர். வக்கீல் வைக்கவில்லையா என்று அம்மா கேட்டதற்கு, "அவரும் பாக்கலைங்களே" என்றார். வக்கீல்கள் வரிசையில் ஒரு கனைப்பு எழுந்து அடங்கியது.

மூன்றாவது, நாலாவது வாய்தாக்களுக்கு ஏட்டு வரவில்லை, பந்தோபஸ்து டூட்டி. ஒவ்வொரு தடவையும் உப்பு வாருகிற பருவத்தில் ஒரு நாள் வேலை கெட்டது. முதலாளி கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "கேஸுல ஜெயிச்சேன்னா வண்டி உன்னுது. தோத்தேன்னா சாவிய வெச்சிட்டு உப்புப் பாத்தியில எறங்கு." இருபது வருஷம் ஓட்டிய வண்டி. இதை அவரே வராந்தாவில் என்னிடம் சொன்னார். சொல்லும்போது குரலில் குறை எதுவும் இல்லை, பஸ் லேட்டு என்பதுபோலச் சொன்னார்.

"கட்டிட்டுப் போயிடுங்கண்ணே. எதுக்கு இந்தப் பொல்லாப்பு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கட்டறதுக்கு ஒண்ணுமில்லை சார். எரியலைன்னா கட்டிடுவேன். எரிஞ்சுதான்னு தெரியணுமில்ல?"

அஞ்சாவது வாய்தாவுக்கு ஏட்டு வந்தார். குறுக்கு விசாரணையை இவரே செய்தார். கூண்டில் நின்றபடி, கண்ணை இடுக்கிக்கொண்டு, சைக்கிள் ரிப்பேர் பார்ப்பவர்போல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"விசில் அடிக்கறப்ப வண்டி உங்களத் தாண்டி எவ்ளோ தூரம் போயிருந்துது?"

"ஒரு நாப்பதடி இருக்கும்."

"லைட்டு தெரியலையா?"

"தெரியலை."

"கிட்ட வந்து பாத்தீங்களா?"

"லைசென்ஸ் கேக்க முன்னால வந்தேன். நீ எஞ்சினை நிறுத்திட்ட, எல்லா லைட்டும் போச்சு. அப்புறம் எங்க பாக்கறது?"

"அதுவும் சரிதான்" என்று தலையாட்டினார் இவர். எதிராளியின் பதிலை இப்படி மெச்சிக்கொண்டவரை நான் அந்தக் கோர்ட்டில் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு கேட்டார்: "வண்டிக்குப் பின்னால வேற யாராச்சும் வந்தாங்களா?"

"ஒரு சைக்கிள்காரன் போனான். தலையில துண்டு. மூஞ்சிய பாக்கலை."

நான் ஏட்டுக்கு நாலடி தள்ளி நின்றிருந்தேன். வில்லையைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்கிற நேரம், அளத்து ரோட்டில் அவரைப் பார்த்தேன். டிராக்டரை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டிருந்தார். ஈர உப்பு ஏற்றிய டிரெய்லர். அதன் பின்னாலிருந்து ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கி நடந்து, நின்று, கழுத்தை நீட்டிப் பார்த்தார். மறுபடி ஓரடி பின்வாங்கினார். ரோட்டில் உப்புக்கட்டியால் கோடு கோடாகப் போட்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்.

"வாங்க சார், இந்தக் கோட்டுல நில்லுங்க. இது நாப்பதடி. லைட்டு தெரியுதா?"

"தெரியலை."

"இப்ப இங்க வாங்க. பத்தடி."

"தெரியுது. மங்கலா."

"அப்டித்தான். ரெண்டு வாரம் தொடைக்காம விட்டுப் பாத்தேன். உப்பு ஏறிப்போச்சு. ஏட்டு பொய் சொல்லலை சார், அவருக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா அன்னிக்கு உள்ள எரிஞ்சுதா, ஒயர் ஆட்டத்துல அணைஞ்சிருந்துதா? அது பத்தடிக்குள்ள வந்தவனுக்குத்தான் தெரியும்." கையில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டு, "அந்த சைக்கிள்காரன் யாருன்னு தெரிஞ்சா கேக்கலாம்" என்றார். காற்று எழுந்துவிட்டது, கிளம்புகிறேன் என்றேன் நான். காற்று உண்மையிலேயே எழுந்துதான் இருந்தது.

ஆறாவது வாய்தாவுக்கு அம்மா லீவு. ஏழாவதுக்கு இவர் விளக்கைக் கழற்றி ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தார். மேஜைமேல் வைத்து, நாற்பதடியையும் பத்தடியையும் நிதானமாகச் சொன்னார். அம்மா விளக்கைக் கையில் எடுத்து, நகத்தால் உப்பைச் சுரண்டிப் பார்த்தார். மற்ற கேஸ்கள் காத்திருந்தன. யாரும் முணுமுணுக்கவில்லை.

"எரியலைன்னுதான் கேஸ். எரிஞ்சுதுன்னு பக்கத்துல இருந்து பாத்தவங்க யாராவது சொன்னா நான் விட்டுடலாம். சாட்சி இருக்கா?"

"ஒரு சைக்கிள்காரர் போனாருங்கம்மா. யாருன்னு எனக்குத் தெரியாது. ஊருல சொல்லி வெச்சிருக்கேன். வந்திருந்தாலும் வந்திருப்பாரு."

அம்மா என்னைப் பார்த்தார். "கூப்பிட்டுப் பாருங்க."

வராந்தாவுக்கு வந்தேன். வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆடு படுத்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கேஸ் நம்பரைச் சொல்லி, அந்தக் கேஸில் எதிரி தரப்புச் சாட்சி யாராவது இருக்கிறீர்களா என்று மூன்று தடவை கூப்பிட்டேன். என் குரல் காம்பவுண்டுச் சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது. மரத்தடியில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம் அங்கேயே நின்றேன். பட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் போதும், கூண்டு பதினைந்தடி தூரம். பட்டையோடு உள்ளே போனேன்.

"யாரும் இல்லைங்கம்மா."

பதினெட்டு வருஷ சர்வீஸில் ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம். அன்றைக்கு மட்டும் அது பொய்.

அம்மா அவரைப் பார்த்து, வேறு ஏதாவது சொல்கிறீர்களா என்று கேட்டார். "ஏட்டு பாத்ததச் சொல்லிட்டாரு. நான் பாக்கலை. வேற யாரும் பாத்ததா வரலை. அப்ப அவரு பாத்ததத்தானே நீங்க எடுத்துக்கணும், சரிதாங்கம்மா" என்றார் இவர். குறைந்தபட்ச அபராதம் போட்டார் அம்மா. எழுதும்போது அவர் முகம் நன்றாக இல்லை. இவர் கட்டிவிட்டு, விளக்கைப் பையில் போட்டுக்கொண்டு, என்னிடம் "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே சாவி கை மாறியது.

எனக்கு ரெக்கார்ட் கிளார்க் வேலை கிடைத்தது.

அடுத்த வருஷப் பருவத்தில் ஒரு சாயங்காலம், காற்றை எதிர்த்து மிதித்துக்கொண்டிருந்தேன். கேஸ் முடிந்த பிறகு நான் உப்பு வண்டிச் சங்கிலியைத் தொடுவதில்லை. எனக்கு முன்னால் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார், காரியரில் சாப்பாட்டுத் தூக்கு, ஹேண்டில்பாரில் உப்பு வாருகிற பலகை. அவர்தான். பாத்தியில் இறங்கி வேலை செய்ததில் முழங்கால்வரை வெள்ளை படிந்திருந்தது. இறங்கி, அவரோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு நடந்தேன். பழைய டிராக்டர் வேறொரு டிரைவரோடு எங்களைத் தாண்டிப் போனது. அவர் கழுத்தை நீட்டி அதன் பின்விளக்கைப் பார்த்தார். அது கண்ணுக்கு மறைகிறவரை பார்த்தார். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அண்ணே, அந்த சைக்கிள்காரன் நான்தாண்ணே. உங்க சங்கிலியத்தான் புடிச்சினு வந்தேன். நான் பாத்தேன்."

நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பி, கொஞ்சம் அவசரமாகவே கேட்டார்.

"எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. உப்புக்குள்ளேர்ந்து செவப்பா, மங்கலா. கடைசிவரைக்கும் எரிஞ்சுது."

அவர் இன்னொன்றும் கேட்கவில்லை. எத்தனை அடி என்று கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. அந்த முகத்தில் ஒரு வருஷமாக இருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனதை நான் பார்த்தேன். தன் கண்ணால் காணாத ஒன்றை அவர் நம்பினது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். அதுவும் கோர்ட்டில் நின்று பொய் சொன்னவன் வாயிலிருந்து வந்ததை.

"வீட்ல சொல்லணும்" என்றார். "எரிஞ்சுதா இல்லியான்னு அது இன்னும் கேட்டுக்கினே இருக்குது."

சைக்கிளில் ஏறி, அந்தக் காற்றிலும் வேகமாக மிதித்துப் போனார்.